கட்டுச்சோறும் நெடும் போட்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி அக்குறணையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



தேகப்பயிற்சி பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைக் கேட்டனர். அது பரந்த பொருள்; ஒரு மாலைப்பொழுதில் அடங்காது. ஆகையால் அதன் ஒரு மூலையை மாத்திரம் எடுத்துக்கொள்கிறோம். இவ்வூர் வாலிபர் சிலர் சென்ற மாதம் எம்மிடம் வந்தனர். டிரையத்லன் என்னும் முப்போட்டியில், அதிலும் நெடுந்தூரப் போட்டியில், இறங்க வேண்டுமென்பது அவர்கள் ஆசை. எந்தத் துவிச்சக்கர வண்டி நல்லது, எந்தச் சப்பாத்து இலேசானது என்று துருவித் துருவிக் கேட்டனர். போட்டி நடக்கும் ஊருக்கு எப்படிப் போய்ச் சேர்வது, போட்டியின்போது எதை, எவ்வளவு உண்பது என்று ஒருவர்தானும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கே இன்று விடை கூற வந்துள்ளோம்.

முதலில், முப்போட்டி இன்னதென அறியாத பெரியோர்க்கு ஒரு வார்த்தை. நீந்துதல், துவிச்சக்கர வண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் கடிகாரத்தை நிறுத்தாமல், செய்து முடிப்பதே முப்போட்டி. 'அயன்மேன்' எனப்படும் முழுத் தூரப் போட்டியில் நீச்சல் 3.8 கிலோமீற்றர், வண்டியோட்டம் 180 கிலோமீற்றர், ஓட்டம் 42.2 கிலோமீற்றர். அனைத்தையும் 17 மணித்தியாலத்துள் முடித்தல் வேண்டும். அரைத் தூரப் போட்டியில் முறையே 1.9, 90, 21.1 கிலோமீற்றர், காலவரை எட்டரை மணித்தியாலம். அரைத் தூரத்தை மைலாகக் கூட்டினால் 70.3 வரும், அதுவே அப்போட்டிக்குப் பெயருமாயிற்று. தென்னாசியாவில் முதன்முதலாக அத்தகைய போட்டி நடந்தது நம் கொழும்பு மாநகரில்தான். 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி, காலிமுகத்திடற் கடலில் வீரர் இறங்கினர். மறு ஆண்டும் அங்கு நடந்தது. 2019 ஒக்டோபர் 20ஆம் திகதி இந்தியாவின் முதற் போட்டி கோவாவில் நடந்தேறியது.

இவையெல்லாம் வெள்ளையர் விளையாட்டு, நமக்கெதற்கு என்று சிலர் எண்ணலாம். 1954ஆம் ஆண்டில் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை தந்த குமார் ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார். 51 மணித்தியாலம் நீரிற் கிடந்தார். அவரே 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் துறந்தார். தாங்கும் வலிமை நம்மவர்க்கு உண்டு, அதில் ஐயமில்லை. ஆயினும் வலிமை மட்டும் கரை சேர்க்காது என்பதையும் அப்பெருமகனார் முடிவை நினைக்கும்போதெல்லாம் நாம் நினைவுகொள்ளல் வேண்டும்.

இனி எமக்கு நேர்ந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். நாம் முதன்முறையாக அரைத் தூரப் போட்டி ஒன்றுக்குப் போனோம். ஆறு மாதம் பயிற்சி செய்திருந்தோம், குறையொன்றுமில்லை. போட்டிக்கு முந்திய நாள் நண்பகலில் வண்டியை வேனின் கூரையிற் கட்டி, அக்குறணையை விட்டுப் புறப்பட்டோம். கடுகண்ணாவை வளைவுகளில் மழை பிடித்தது, வயிறு குமட்டிற்று, காலையுணவு அங்கேயே போயிற்று. இருட்டிய பின் கொழும்பை அடைந்தோம். பசி மேலீட்டால் வழிக்கடை ஒன்றில் எண்ணெய் மிதக்கும் சோறும் கறியும் வயிறு முட்ட உண்டோம். விடியற் பொழுதில், விலையுயர்ந்த சத்துக்கூழ்ப் பொட்டலங்கள் ஆறேழை, முன்பின் சுவைத்தறியாதவற்றை, சட்டைப்பையிற் சொருகிக்கொண்டோம். வண்டியோட்டத்தின் 60ஆவது கிலோமீற்றரில் வயிறு புரண்டது. ஓட்டத்தின் 14ஆவது கிலோமீற்றரில் மதகொன்றிற் குந்தியவர் எழவில்லை. கால் ஓயவில்லை, மூச்சு ஓயவில்லை. வயிறே எம்மைத் தோற்கடித்தது. வீட்டில் விடைகொடுத்த அன்னையார் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற வெட்கம் இன்றுமுண்டு. நாம் கற்ற பாடம் இதுதான்: போட்டி கடற்கரையில் வேட்டுச் சத்தத்துடன் ஆரம்பிப்பதில்லை, அக்குறணையில் வீட்டுப் படி இறங்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது.

ஆகவே முதலிற் பிரயாணத்தைச் சொல்லுவோம்.

நாம் வாழ்வது மலைநாடு. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்குள்ள குளிர்ந்த காற்றிற் பழகிய தேகம், கொழும்பின் உப்புக்காற்றிலும் புழுக்கத்திலும் திடீரெனத் திண்டாடும். வெப்பத்துக்குத் தேகம் பழகுவதற்கு ஏழு முதல் பதினான்கு நாள் வேண்டும். அப்பழக்கத்தின் பின் வியர்வை முந்திச் சுரக்கும். அதிற் கரைந்துபோகும் உப்புக் குறையும். இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். இருதயத்தின் துடிப்புத் தணியும். பத்து நாள் முன்னதாகக் கொழும்பிற் போய்த் தங்க எத்தனை பேருக்கு வசதியுண்டு? உறவினர் வீடு உள்ளோர் போகலாம். இல்லாதோர் கடைசி இரண்டு வாரமும் விடியற் குளிரில் ஓடுவதை விட்டு, முற்பகல் பத்து மணிக்கு மேல் வெயிலில் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் மெதுவாக ஓடட்டும். தனியே ஓடலாகாது; தண்ணீர்ப் போத்தலும் துணையும் இருத்தல் வேண்டும்.

எப்போது புறப்படுவது? குறைந்தது இரண்டு நாள் முன்னதாக. போட்டிக்கு முந்திய இரவு எவர்க்கும் நல்ல நித்திரை வாய்ப்பதில்லை. அதற்கு முந்திய இரவின் நித்திரையே கைகொடுக்கும். அந்த இரவைப் போட்டி நடக்கும் ஊரிலே கழித்தல் நன்று. வழியையும் நம்பியிருத்தலாகாது. பிங்கா ஓயா பெருகினால் எமது அக்குறணைப் பட்டினத்து வீதியே வெள்ளத்தில் மூழ்குவதை நீங்கள் அறிவீர்கள். 2025 நவம்பரில் 'டித்வா' புயலின்போது மலைப்பாதைகள் மண்சரிவால் மூடுண்டதை மறந்தவர் இச்சபையில் எவருமில்லை. ஒரு நாள் கையிருப்பு வைத்துப் புறப்படுபவர்க்கு வழி அடைபட்டாலும் மாற்று வழி தேட அவகாசமிருக்கும்.

கடுகண்ணாவை வளைவுகளைப் பற்றி எமது அனுபவத்தைக் கேட்டீர்கள். வாகனத்திற் குமட்டுவோர் புறப்படுமுன் வயிறு நிறைய உண்ணலாகாது. முன்னிருக்கையில் அமர்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு போகட்டும். ஒரு துண்டு இஞ்சியை மெல்லட்டும். வழிக்கடையைத் தேடாது, வீட்டிலே அவித்த இடியப்பமும் வாழைப்பழமும் பாணும் கொதித்தாறிய நீரும் கொண்டுபோகட்டும். போட்டிக்கு இரண்டு நாள் முன்னே வரும் வயிற்றோட்டத்துக்கு ஆறு மாதப் பயிற்சியும் பலியாகிவிடும்.

வண்டியைக் கழற்றிக் கட்டுவதிலும் கவனம் வேண்டும். ஆசனத்தின் உயரத்தை நாடா ஒட்டி அடையாளமிட்டபின் கழற்றுங்கள். மிதிகட்டைகளைக் கழற்றும்போது, இடப்பக்கத்து மரை மாறி வெட்டப்பட்டது என்பதை நினைவில் வைத்து, கடிகார முள் செல்லும் திக்கிலே திருப்புங்கள். இதனை அறியாது பலங்கொண்டு திருகி மரையைக் கெடுத்தவர் பலர். பின்சில்லருகேயுள்ள கியர் மாற்றும் கருவியைத் துணியாற் சுற்றுங்கள். விமானத்திற் செல்வோர் டயருக்குக் காற்றடிக்கும் சிறு வாயு உருளைகளைப் பொதியில் வைக்கலாகாது, அவற்றுக்குக் கட்டுப்பாடுண்டு, போய் இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ளலாம். கூழ் வகைகளைக் கைப்பையில் வைத்தால் 100 மில்லிலீற்றர் விதி குறுக்கிடும். பெட்டிக்குள் அனுப்பும் பொதியில் அவற்றை வையுங்கள். கோவா போன்ற இந்திய நகருக்குச் செல்வோர்க்கு ஒரு நன்மை: கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, நித்திரை குழம்பாது.

பிரயாணம் இதனோடு அமையட்டும். இனி உணவு.

1978ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி ஹவாய்த் தீவுகளில் முதல் அயன்மேன் போட்டி நடந்தது. புறப்பட்டோர் 15 பேர். முடித்தோர் 12 பேர். கோர்டன் ஹாலர் 11 மணித்தியாலம் 46 நிமிடம் 58 செக்கனில் முதலாவதாக வந்தார். ஜோன் டன்பார் இரண்டாவதானார். ஓட்டத்தின்போது டன்பாரின் துணைவரிடம் தண்ணீர் தீர்ந்துபோக, அவர்கள் பியரை எடுத்துக் கொடுத்தனராம்! அன்று அது வேடிக்கை. 1995இல் அதே ஹவாயில் நடந்தது வேடிக்கையன்று. ஏழு முறை வாகை சூடியிருந்த போலா நியூபி-பிரேசர் என்னும் அம்மையார் அன்று முன்னணியில் வந்துகொண்டிருந்தார். கடைசி மைல்களில், நேரத்தை மிச்சம் பிடிக்க எண்ணி, நீரும் பானமும் கொடுக்கும் நிலையங்களைத் தாண்டிச் சென்றார். முடிவுக்கோடு கண்ணெட்டும் தூரத்திற் கால்கள் மடங்கின, வீதியிற் சாய்ந்தார். கரென் ஸ்மையர்ஸ் அவரைக் கடந்து வென்றார். சிறிது நேரம் கிடந்து எழுந்த அம்மையார் நான்காவதாக நடந்து முடித்தார். மறு ஆண்டு திரும்பவும் வந்தார். எட்டாம் முறையாக வென்றார். ஏழு முறை வென்றவர்க்கும் ஒரு குவளைப் பானம் தவறினால் இக்கதியென்றால், முதன்முறை போகும் நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

காரணத்தைக் கேளுங்கள். நாம் உண்ணும் சோறும் பாணும் சீனியும் தேகத்திற் கிளைக்கோசன் என்னும் சேமிப்பாகத் தசையிலும் ஈரலிலும் தங்கும். மொத்தம் 400 முதல் 500 கிராம் வரைதான். அதாவது சுமார் 2,000 கலோரி. நெடும் போட்டியில் மணித்தியாலத்துக்கு 500 முதல் 700 கலோரி வரை செலவாகும். கொழுப்பு நிறைய இருப்பினும் அது மெதுவாகவே எரியும். வேகமாகச் செல்பவர்க்கு அது மட்டும் போதாது. ஆகையால் மூன்று, நான்கு மணித்தியாலத்திற் சேமிப்புத் தீரும் கட்டம் வருகிறது. இதனைக் கண்ணாரக் காட்டியவர் சுவீடன் நாட்டு பேர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்னும் இரு வைத்தியர். 1966இல் தம்மையே சோதனைப் பொருளாக்கினர். ஒரே வண்டியின் இரு பக்கமும் அமர்ந்து, ஒருவர் ஒரு காலால் மிதித்தார். மற்றவர் மறுகாலால் மிதித்தார். பின்னர் மாச்சத்து மிகுந்த உணவை உண்டு, தசையிலிருந்து ஊசியாற் சிறு துண்டெடுத்து அளந்தனர். உழைத்த காலில் மட்டும் கிளைக்கோசன் வழக்கத்தினும் இரு மடங்காகியிருந்தது. உழையாத கால் இருந்தபடி இருந்தது. உழைத்த தசையே உணவை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பது தெளிவாயிற்று.

இதனால் நாம் பெறும் விதிகள் மூன்று.

முதல் விதி: போட்டிக்கு முந்திய ஒன்றரை அல்லது இரண்டு நாளும் தேக நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 8 முதல் 10 கிராம் மாச்சத்து உண்ண வேண்டும். 60 கிலோ நிறையுள்ளவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 முதல் 600 கிராம். நமது சோறு, இடியப்பம், பாண், வாழைப்பழம் எல்லாம் இதற்கு உகந்தவை. அந்நாட்களிற் கீரை, பருப்பு, தோலுள்ள காய், காரச் சம்பல் ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். நார்ச்சத்து மற்ற நாளில் நண்பன். அந்நாளில் வயிற்றுக்குப் பாரம். போட்டி நாள் காலையில் மூன்று மணித்தியாலம் முன்னதாக, அதிகாலை மூன்றரைக்கே எழுந்து, பாணும் பாணியும் வாழைப்பழமும் உண்டுவிடுங்கள். பழக்கமுள்ளவர் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தலாம். மலைநாட்டவர்க்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாம் விதி: போட்டியின்போது மணித்தியாலத்துக்கு 60 கிராம் மாச்சத்து. குளுக்கோசு மட்டுமாயின் குடல் அதற்கு மேல் உறிஞ்சாது. அதனுடன் பழச்சீனியாகிய புருக்டோசைச் சேர்த்தால் வேறு வாயில் வழியாகச் சென்று மணித்தியாலத்துக்கு 90 கிராம் வரை பயன்படும் என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நாம் தேநீரிற் போடும் சாதாரணச் சீனி என்ன? பாதி குளுக்கோசு, பாதி புருக்டோசு! வெளிநாட்டுப் பொட்டலத்திற் பணம் கொடுத்து வாங்குவது நம் அடுக்களையிலேயே இருக்கிறது. ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமான ஐந்து மேசைக்கரண்டி சீனி, ஏறத்தாழ 60 கிராம். கால் தேக்கரண்டி உப்பு. சிறிது தேசிக்காய்ச் சாறு. இதுவே பானம். இதனிலும் தடிப்பாகக் கரைத்தால் வயிற்றில் தேங்கும். குடல் நீரை இழுத்து வயிற்றோட்டம் உண்டாக்கும். மெல்ல விரும்புவோர்க்கு நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம். சிறிய பேரீச்சம்பழம் ஐந்தில் 25 முதல் 30 கிராம். நோன்பு காலத்தில் நமது இஸ்லாமிய அயலவர் கடைகளிற் குவியும் பேரீச்சை ஓட்டக்காரனுக்கும் வாய்த்த உணவு. கித்துள் கருப்பட்டி 10 கிராம் துண்டில் ஏறத்தாழ 9 கிராம்.

வண்டியில் ஏறிய முதற் பதினைந்து நிமிடமும் நீர் மட்டும். கடல்நீர் விழுங்கிய வயிறு அடங்கட்டும். பின்பு பசியை எதிர்பாராது, கடிகாரத்தைப் பார்த்து, பதினைந்து நிமிடத்துக்கொருமுறை 15 கிராம். உண்ண வேண்டியதன் பெரும்பகுதியை வண்டியிலேயே உண்டுவிடுங்கள். ஓடும்போது வயிறு குலுங்கும். அங்கே பானம் மட்டும், சிறு மிடறாக. நிலையம் வந்தால் ஓடிக்கொண்டே குடியாது, நடந்து குடியுங்கள். நடந்ததால் இழந்த அரை நிமிடம் ஒரு மணித்தியாலத்தைக் காத்துத் தரும்.

மூன்றாம் விதி: நீரும் உப்பும் அளவோடு. இதனை அழுத்திச் சொல்லுகிறோம். இது தோல்வி பற்றியதன்று, உயிர் பற்றியது. வெயிலில் ஓடுபவனுக்கு எவ்வளவு தண்ணீரும் கொடுக்கலாம் என்று நாம் நினைக்கிறோம். தவறு. 1981இல் தென்னாபிரிக்காவின் கொம்ரேட்ஸ் ஓட்டத்தில், மிதமிஞ்சி நீரருந்தியதால் இரத்தத்தில் உப்புச்சத்துத் தாழ்ந்து மயங்கும் நிலை கண்டறியப்பட்டது. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் 488 ஓட்டக்காரரின் இரத்தத்தைச் சோதித்ததில் நூற்றுக்குப் பதின்மூவர்க்கு உப்புச்சத்துக் குறைந்திருந்தது. தலையிடி, குமட்டல், விரல் வீக்கம், மனக்குழப்பம் ஆகியன அடையாளம். அத்தகையவனுக்கு மேலும் தண்ணீர் ஊற்றுவது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும்; வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

பின் எவ்வளவு குடிப்பது? தராசைக் கேளுங்கள். பயிற்சிக்கு முன் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலம் வெயிலில் ஓடிவந்து, வியர்வையைத் துடைத்து, மீண்டும் நிறுங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லீற்றர் வியர்வை; இடையிற் குடித்ததையும் அதனோடு கூட்டுங்கள். இதுவே உங்கள் கணக்கு. அயலவன் கணக்கு உங்களுக்கு உதவாது. தாகத்தை அனுசரித்துக் குடியுங்கள். இழந்ததைவிடக் கூடுதலாக ஒருபோதும் குடியாதீர்கள். முடிவில் நிறை கூடியிருந்தால் பிழை நடந்துவிட்டதென்று பொருள். செவ்விளநீர் நல்லதே, ஆனால் அதில் மிகுதி பொட்டாசியம், வியர்வையிற் போவதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே இளநீரை நம்பி உப்பை மறத்தலாகாது. ஜீவனிக் கரைசல் வயிற்றோட்டத்துக்கென வகுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி அதில் லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசுதான் உண்டு. உப்பைத் தரும், போட்டிக்கு வேண்டிய சக்தியைத் தராது. நீரிழிவு, இருதய நோய், இரத்த அழுத்தம் உள்ளோர் எமது சொல்லை விட்டு வைத்தியர் சொல்லைக் கேட்பாராக.

இவ்வளவும் அறிந்தாற் போதுமா? போதாது, பழக வேண்டும். குடலும் தசையைப் போலப் பயிற்சியால் தேறும். நீண்ட பயிற்சி நாளெல்லாம், குறைந்தது ஆறு வாரம், போட்டியில் உண்ணப்போவதையே, அதே அளவில், அதே நேரத்தில் உண்டு பழகுங்கள். குறிப்புப் புத்தகம் ஒன்று வைத்து, என்ன உண்டோம், வயிறு என்ன சொல்லிற்று என்று எழுதுங்கள். போட்டி நாளிற் புதிய உணவு, புதிய சப்பாத்து, புதிய பானம் எதுவும் வேண்டா. அந்நாளில் ஒருவர் அன்போடு நீட்டினாலும், அன்போடு மறுத்துவிடுங்கள்.

நண்பர்களே, நமது பாட்டன் பாட்டிமார் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போனார்கள். அவர்கள் கிராமும் கலோரியும் கற்றதில்லை. ஆயினும் கட்டுச்சோறின்றி ஒருவரும் படியிறங்கியதில்லை. அவலும் சர்க்கரையும் முடிச்சில் இருந்தன. எந்தத் துறையில் நீர் உண்டு, எந்த மரத்தடியில் இளைப்பாறலாம் என்பது புறப்படுமுன்னரே தெரிந்திருந்தது. அந்தப் பழைய விவேகத்தைத்தான் இன்று எண்ணிக்கையோடு உங்களுக்குச் சொன்னோம்.

முடிவாக எம்மிடம் வந்த வாலிபர்க்கு ஒரு வேண்டுகோள். உங்களில் ஒருவர், வண்டி வாங்குவதற்கு வீட்டு நகையை அடகு வைக்கலாமா என்று எம்மைக் கேட்டார். வேண்டாம், தம்பி. இப்போதைக்கு இரவல் வண்டியிற் பழகுங்கள். முதலில் ஒரு தராசும், ஒரு மேசைக்கரண்டியும், ஒரு குறிப்புப் புத்தகமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தின் பின் அந்தப் புத்தகத்தோடு எம்மிடம் வாருங்கள். அதன்பின் வண்டியைப் பற்றிப் பேசுவோம். வீட்டிலிருக்கும் தாய்மாரே, பிள்ளை சீனியை அளந்து தண்ணீரிற் கரைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டாற் கோபியாதீர்கள்; போனபடியே முழுசாய்த் திரும்பி வருவதற்கான வழியை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.